தும்பிச் சிறகுக்காரியின் கண்கள்

1

கப்பலேறி வந்து இருபத்திரண்டு வருஷம் நிறைந்த மாதம் இது. நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம்தான் வருகிறது. தூத்துக்குடியில் பத்திரிகையைப் பிரித்ததும் முதலில் என் கொழும்புக் குறிப்பைத்தான் படிப்பதாகச் சிலர் எழுதுகிறீர்கள். அதே கடிதத்தின் அடியில் பிஸ்கட் டின்னும் சவர்க்காரமும் கேட்கிறீர்கள். பாருங்கள், சோப்பு என்று எழுதக்கூட என் கை மறந்துவிட்டது. இத்தனை மாதமாக இங்கே எல்லாரும் சுகம், மழை நன்றாகப் பெய்கிறது, திருநாள் சிறப்பாக நடந்தது என்று எழுதி உங்கள் காதைக் குளிர வைத்தேன். இந்த மாதம் அது நடக்காது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கொழும்பு நகரத்துக் கோட்டைப் பகுதியில் ஒரு படக் கடையில் வேலை செய்கிறவன். துரைமார் வீட்டுச் சித்திரங்களுக்குச் சட்டம் அடிப்பது, பூஞ்சணம் துடைப்பது, கிழிந்த துணிக்குப் பின்னால் வேறு துணி ஒட்டி உதிர்ந்த இடத்தில் வண்ணம் வைப்பது என் பிழைப்பு. திருநாள் நெருங்கினால் மாதா கோவில் சுரூபங்களுக்கு வண்ணம் தீட்டுவேன். அது நம் ஊரில் என் அப்பாவோடு சேர்ந்து செய்த வேலை. வீடு கொட்டாஞ்சேனையில், கோவில் மணி கேட்கும் தூரத்தில். வீட்டில் மனைவி ரோசம்மாவும் ஒரே மகள் பிலோமினாவும். பிலோ இங்கேயே பிறந்தவள். பதினெட்டு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி டீச்சர். 'ஆமா' என்பது அவள் வாயில் வராது, 'ஓம்' என்பாள். கடைக்காரனிடம் சிங்களத்தில் பேரம் பேசுவாள், சிநேகிதிகளோடு இங்கிலீஷில் சண்டை போடுவாள். கரியைக் கையில் எடுத்தால் எந்தப் பாஷையும் பேசமாட்டாள், வரைந்துகொண்டே இருப்பாள்.

அவளுக்கு நான் செய்த ஒரு துரோகத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெரிய படம் எங்கள் கடைக்கு வந்தது. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும் முன் விற்றுவிட்டுப் போனது. விக்டோரியா ராணி காலத்தில் சீமையில் தீட்டிய படம். அந்திப் பொழுது. இலை கொட்டிய மரங்கள், நாணல் மண்டிய குளம், மரங்களுக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம். குளத்தின் மேல், தண்ணீரில் பாதம் படாமல், சிறகு முளைத்த ஒரு பெண் நிற்கிறாள். அவள் உடம்பிலிருந்தே ஒளி வருகிறது. உடுப்பென்று பார்த்தால் ஒரு சல்லாத் துணி, அதுவும் பேருக்கு.

இந்த மாதிரிப் படங்கள் என் கையில் நிறைய வந்திருக்கின்றன. ஆளைக் குளத்துக்குள் இழுக்கும் நீர்ப்பெண்கள், காளானுக்கு அடியில் விருந்து வைக்கும் குட்டித் தேவதைகள், நிலா எழும் நேரத்தில் குதிரையேறிப் போகும் செத்த வீரர்கள், நெற்றியில் நட்சத்திரம் வைத்த அந்தித் தேவதை. ராணி காலத்துச் சீமைக்காரர்கள் பகலில் ரயில் விட்டார்கள், புகைபோக்கி கட்டினார்கள், பாதி உலகத்தைப் பிடித்தார்கள். பொழுது சாய்ந்தால் வீட்டில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும். அவர்களுடைய புகையில் அவர்களுடைய பேய்கள் ஓடிப்போயிருக்கும், படத்திலாவது பார்க்க ஆசைப்பட்டிருப்பார்கள். அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. விளக்கு வைக்கும் நேரத்தில் தலையை விரித்துப் போட்டு வாசலில் நிற்காதே என்று ரோசம்மா மகளைச் சொன்னால் அது நாட்டுச் சனத்தின் மூடத்தனம். எங்கள் சந்தில் இருக்கும் சிங்களவர் ஒருவர் காய்ச்சல் தீர முகமூடி கட்டி ஆட்டம் வைத்தால் அது காட்டுமிராண்டித்தனம், பறை தட்டுவதற்குப் பொலிஸில் கடுதாசி வாங்க வேண்டும். அதே பேயைத் தங்க ரேக் ஒட்டிய சட்டத்துக்குள் வைத்து, துரைமார் குடியிருக்கும் கறுவாத்தோட்டத்து மாளிகையில் மாட்டினால் அது கலை. அதைப் பற்றிப் பேச மண்டபம் வேண்டும், மின்விசிறி வேண்டும், தேத்தண்ணீர் வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ரேக் ஒட்டுகிறவன் என்னை மாதிரி ஒருவன். அவன் பேய்க்குப் பயந்தவன் என்று சிரிப்பார்கள்.

அந்தி என்றால் அவர்களுக்கு மணிக்கணக்காம். கோடையில் ராச்சாப்பாடு முடித்து ஒரு நடை போய் வந்தாலும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்குமென்று கடைக்கு வரும் துரைமார் சொல்வார்கள். இங்கே ஆறு மணிக்குச் சூரியன் விழுந்தால் ஆறரைக்கு எதிரில் வருகிறவன் முகம் தெரியாது.

படத்தில் அந்த முகமே இல்லை. முப்பது நாற்பது வருஷ மலைப் பனியில் பூஞ்சணம் ஏறி, சிறகுக்காரியின் நெற்றியிலிருந்து மூக்கு வரை வண்ணம் உதிர்ந்து வெறும் துணி தெரிந்தது. வானத்திலும் அங்கங்கே ஓட்டை. எங்கள் முதலாளி ஒரு பறங்கியர், நன்றாகத் தமிழ் கதைப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். தொழில் தெரிந்தவனை இங்கே 'பாஸ்' என்பார்கள்.

"பாஸ், வீட்டுக்குக் கொண்டு போய்ச் செய். கடையில ஆக்கள் பாப்பாங்க. கண்ணு மூக்கு ஏதாவது வச்சு விடு. நல்லா வரவேணும்."

"என்ன மாதிரிக் கண்ணு இருந்துச்சுன்னு தெரியலையே, ஐயா."

"எனக்கு மட்டும் தெரியுமா? ஒரு பொம்பளைட கண்ணு. அவ்வளவுதான்."

3

வீட்டுப் பின்னறையில் படத்தைச் சாய்த்து வைத்தேன். பின்னால் துணி ஒட்டி, ஓட்டைகளை வச்சிரப் பசையும் சுண்ணாம்புத் தூளும் கலந்து அடைத்துக் காய வைத்தேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு சிறகுக்கு வந்தேன். அங்கேதான் என் புத்தி கோவிலுக்குப் போய்விட்டது.

சிறகு என்றால் எனக்குச் சம்மனசுதான், கோவிலில் நிற்கும் தேவதூதர். சிறு வயது முதல் எத்தனை சம்மனசுகளுக்குச் சிறகு தீட்டியிருக்கிறேன்! இந்தப் படத்தில் சிறகுகள் கண்ணாடி மாதிரி இருந்தன, மெல்லிய நரம்புகள் மட்டும் ஓடின. ஐயோ பாவம், பனியில் இறகெல்லாம் உதிர்ந்து நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து இடது சிறகு முழுவதும் வரிசை வரிசையாக இறகு வைத்தேன். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு. அப்பா சொல்லிக் கொடுத்தது. மிக நன்றாக வந்திருந்தது என்பதையும் வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்த பிலோ வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"கண்ணு தெரியலையா? சம்மனசுக்குச் செறகு கொட்டிப் போச்சு. வைக்கேன்."

"இது சம்மனசு இல்லை அப்பா. வடிவாப் பாருங்கோ. தும்பிட செட்டை."

"தும்பியா?"

"நீங்கள் தட்டான் எண்டுவீங்களே, அது."

"தட்டானுக்கு எங்கட்டி பொம்பள ஒடம்பு?"

"அவையள் அப்பிடித்தான் கீறுவினம். மடத்தில ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தில பாத்தனான். மாதாவுமில்லை, சம்மனசுமில்லை. ஒரு கோவிலுக்கும் சொந்தமில்லாத ஆள் இது."

நான் கத்தினேன். பதினெட்டு வயதுக் குட்டி எனக்குச் சிறகு சொல்லித் தருகிறாள் என்று கத்தினேன். அவள் விளக்கை வலது சிறகுக்குக் கிட்டக் கொண்டு போனாள். நரம்புகளுக்கு நடுவே பழைய வண்ணம் அப்படியே இருந்தது. எங்கேயும் இறகு உதிர்ந்த அடையாளமில்லை. ரோசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கோழிச் செறகையெல்லாம் தட்டானுக்கு ஒட்டிட்டியளா?" என்று கேட்டாள். அப்புறம் மூன்று பேரும் சிரித்தோம்.

அப்பாவும் மகளுமாக டர்ப்பன்டைன் தொட்டு ஒவ்வொரு இறகாகத் துடைத்தோம். சிறகு தோளில் சேரும் இடத்தில் மட்டும் ஒரு குட்டி இறகை விட்டுவிட்டேன். அதைத் துடைத்தால் அடியில் இருந்த பழைய வண்ணமும் கையோடு வந்துவிடும் போல் இருந்தது. அது இப்போதும் அங்கே இருக்கிறது. தெரிந்தவர் பார்த்தால் தெரியும்.

4

அதற்குப் பிறகு தூரிகையை அவளிடம் கொடுத்தேன். அவளை நம்பியதால் இல்லை. எனக்கு அந்த வானத்தின் நிறம் கிடைக்கவில்லை. மஞ்சளில் பச்சை கலந்தால் மாங்காய் நிறம் வந்தது, அந்தி வரவில்லை.

ரோசம்மாவின் தம்பி வெள்ளவத்தையில் இருக்கிறான். வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் கடல், கரையெல்லாம் கருங்கல். பிலோ சனிக்கிழமை தோறும் அங்கே போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். சூரியன் முழுகியதற்கும் இருட்டுக்கும் நடுவில் நமக்குக் கிடைக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் வானத்தைப் பார்த்துக் கடுதாசியில் நிறம் நிறமாகத் தடவிக்கொண்டு வருவாள். மாமன் வீட்டில், பிள்ளைக்குக் காற்றுக் கறுப்பு பிடித்துவிட்டதோ என்று பயந்தார்கள். ஆறு சனிக்கிழமை போனாள். அவர்களுடைய மணிக்கணக்கான அந்தியை நம்முடைய அரைமணி அந்திகளைச் சேர்த்து வைத்து அடைத்தாள்.

கண்ணுக்கு வந்தபோது மறுபடி சண்டை. சுரூபத்துக்குக் கண் வைப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒன்று, மோட்சத்தைப் பார்க்கும். இல்லாவிட்டால், முழந்தாளிட்டவனைக் குனிந்து பார்க்கும். நேரே பார்க்கிற கண் வைப்பதில்லை. நேரே பார்த்தால் கடைக்காரன் பார்வை என்பார் அப்பா. கீழே பார்க்க வை என்றேன்.

"அவளுக்கு முன்னால ஆர் முழந்தாளில நிக்கினம்?" என்று கேட்டாள் பிலோ.

என்னவோ செய் என்று விட்டேன். அவள் கரியில் நாற்பது ஐம்பது தாள் கண்களாகக் கீறினாள். பிறகு படத்தில் வைத்தாள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்பிய மாதிரி, ஆனால் கூப்பிட்டவரைப் பார்க்காமல் வேறெதையோ நினைத்துக்கொண்ட மாதிரி ஒரு பார்வை. இத்தனை வருஷத் தொழிலில் என் கையிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை.

ரோசம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இது நான்லா?"

"ஓம் அம்மா. ஆறு மணி மணியடிக்கேக்க நீங்கள் செபம் சொல்லுவீங்கள். பாதியில சோறு இறக்கினனானோ எண்டு யோசிப்பீங்கள். அந்தக் கண்."

ரோசம்மாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. சட்டம் போட்டுக் கடைக்குக் கொண்டு போகும் வரை தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னறைக்குப் போய் வந்தாள்.

5

கண் வைத்தது என் மகள் என்றேன். முதலாளி படத்தைப் பார்த்துச் சீட்டியடித்தார். தூரிகை படாத பழைய படம், சீமையில் இருந்தபடியே இருக்கிறது என்று சொல்லிக் கறுவாத்தோட்டத்துத் துரை ஒருவருக்கு விற்றார்.

"பாஸ், நீயும் ஒண்டும் செய்யேல்லை, உன்ட மகளும் ஒண்டும் செய்யேல்லை. விளங்கினதா?"

விளங்கியது. ஏனென்றால் என்னுடைய ஒரு கடுதாசி அவர் மேசையில் கிடந்தது. நான் இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று அத்தாட்சி கேட்டுப் போட்ட விண்ணப்பம். அதில் முதலாளியின் கையெழுத்து வேண்டும். இந்தியாக்காரன் எல்லாம் கப்பலேறு என்று தெருவில் பேசுகிற காலம். அத்தாட்சி இல்லாதவன் ஊருக்கு ஒரு சாவுக்குப் போனால்கூடத் திரும்பி வரும்போது துறையில் யார் வாயைப் பார்த்து நிற்க வேண்டுமோ தெரியாது. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: திரும்பிப் போகும் எண்ணம் உண்டா, இல்லையா? இதற்கு ஒரே பதில் வைத்திருக்கிற மனுஷன் எவனாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். மூன்று தடவை நிரப்பினேன். மூன்று தடவையும் இந்த முத்திரை இல்லை, அந்தத் தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தடவைதான் முதலாளி மேசை வரை வந்திருந்தது. கையெழுத்துப் போடாமல் அதன் மேல் பேனாவைக் குறுக்கே வைத்திருந்தார்.

ஒரு மாலை நகரத்து மண்டபமொன்றில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு. பேசியவர் பள்ளிக்கூடங்களின் சித்திரப் பாடத்துக்கு மேலதிகாரியான துரை. படத்தை வண்டியில் கொண்டு போய்த் தாங்கியில் நிறுத்துவது என் வேலை. பிலோவையும் கூட்டிப் போனேன். இருவரும் கடைசியில் கதவோரம் நின்றோம்.

துரை நீளக் கோலால் வானத்தைத் தொட்டார். இது வட தேசத்தின் அந்தி என்றார். வெயில் தேசத்து மனிதனுக்கு இந்த ஒளி கனவிலும் தெரியாது, அதனால்தான் அவனுடைய பேய்கள் பல்லும் நகமுமாக இருக்கின்றன, சீமைப் பேய்கள் துக்கமும் அழகுமாக இருக்கின்றன என்றார். சபை சிரித்தது. பிறகு கோல் கண்களுக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தப் பார்வையைப் பாருங்கள், மறைந்து போகும் பழைய தெய்வங்கள் மனிதரிடம் கடைசியாக விடை வாங்கும் பார்வை, பனி மூடிய வானத்தின் கீழ் பிறந்த ஆன்மாவால் மட்டுமே இதைத் தீட்ட முடியும் என்றார்.

சோறு இறக்கினேனா என்று யோசித்த ரோசம்மாவின் கண்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பிப் பிலோவைப் பார்த்தேன். அவள் கோபப்படவே இல்லை. முகம் சிவந்து, கண் பளபளத்து, சந்தோஷமாக நின்றாள்.

"அப்பா, நல்லா இருக்கெண்டு சொல்லுறார்," என்று என் கையைப் பிடித்தாள். "நான் கீறினது நல்லா இருக்கெண்டு சொல்லுறார்."

6

அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். சித்திர ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். மாதிரிக்குத் தன் கரித் தாள்களை வைத்தாள். அத்தனையும் அந்தக் கண்கள். எங்களிடம் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகு சொல்ல நினைத்திருப்பாள்.

தாள்கள் போய்ச் சேர்ந்தது அதே துரையின் மேசைக்கு. தகப்பனையும் கூட்டிக்கொண்டு வா என்று கடிதம் வந்தது. அந்தக் கந்தோரில், அதாவது துரையின் ஆபீசில், 'பொட்டக் இன்ன' என்று சிங்களத்தில் சொல்லிப் பியூன் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் என்று சொன்னது அரை நாளாயிற்று. உள்ளே துரையும், பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரும். என் இங்கிலீஷ் போதாது என்று என் வேட்டியைப் பார்த்தே துரை முடிவு செய்துவிட்டார். கிளாக்கர் வழியாகத்தான் எல்லாம்.

புகழ்பெற்ற படத்தைப் பார்த்து வரைந்து பழகுவது தப்பில்லை, சொந்தமாகக் கீறியது என்று எழுதிக் கொடுப்பது தப்பு என்றார் துரை. பிலோ எழுந்து நின்று இங்கிலீஷில் பதில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. படத்தில் கண் இருக்கவில்லை, நான்தான் வைத்தேன் என்றாள். இடது சிறகின் அடியில் என் அப்பா தீட்டிய ஓர் இறகு இருக்கிறது, தும்பிச் சிறகுக்குச் சீமையில் யார் இறகு வைப்பார்கள், போய்ப் பாருங்கள் என்றாள்.

துரை சிரித்தார். தான் மண்டபம் நிறையப் பேசிய கண்ணைக் கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தி வைத்தாள் என்று பார்க்கப் போவதற்கு அவருக்கென்ன பைத்தியமா? கிளாக்கரிடம் ஏதோ சொன்னார். கிளாக்கர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஐயா, மகள் சொல்லுறது மெய்யோ? நீர் வேலை செய்யிற கடைப் படம்தானே. யோசிச்சுச் சொல்லும். இது எழுத்தில போகும், உம்மட முதலாளிக்கும் ஒரு கொப்பி போகும்."

நான் யோசித்தேன். மேசையில் கிடக்கும் படிவத்தையும் குறுக்கே கிடக்கும் பேனாவையும் யோசித்தேன். பிலோ என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா என்ன சொல்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"எனக்குத் தெரியாது, ஐயா," என்றேன். "படம் பழைய படம். யாரும் கை வைக்கல."

கிளாக்கர் எழுதிக்கொண்டார். பிலோ மெதுவாகத் திரும்பினாள். அந்த முகத்தை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. எழுத எனக்குக் கையும் வராது.

டிராமில் அவள் வேறு பலகையில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது ரோசம்மா என்னைத் திட்டவில்லை. "என் கண்ணுன்னு எனக்குத் தெரியுது. ஒங்களுக்கு மட்டும் தெரியலையோ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து மூன்று வாரம் பிலோ என்னோடு இங்கிலீஷில் மட்டும் பேசினாள். சாப்பிட்டாயா என்றால் "யெஸ், ஃபாதர்." எங்கே போகிறாய் என்றால் "டு ஸ்கூல், ஃபாதர்." கந்தோரில் துரைக்குப் பதில் சொன்ன அதே குரல். பிள்ளைகள் இங்கே பாஷை மாறிப் போகிறார்கள் என்று உங்களுக்கு எத்தனை தடவை புலம்பி எழுதியிருக்கிறேன்! என் பிள்ளை மாறவில்லை, நானே என் வாயால் துரத்தினேன். முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த அத்தாட்சி விண்ணப்பம் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் இந்த ஊர்க்காரன் என்று சொல்லப் போகிற தாள் அது. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு முதலாளி மேல், துரை மேல், அந்தக் கிளாக்கர் மேல் கோபம் வருகிறது. வந்து, சுற்றி, கடைசியில் என் மேல் வந்து நிற்கிறது.

7

இதுவரை எழுதி முடித்துவிட்டு, போன வாரம் பிலோவிடம் நீட்டினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற பெருமையோடுதான் நீட்டினேன். அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"தூத்துக்குடிச் சனத்துக்கு மெய் சொல்லுறீங்கள். அந்தத் துரை இதைப் படிப்பாரோ? அந்தக் கிளாக்கர் படிப்பாரோ? பொய்யை இங்க சொல்லிப்போட்டு மெய்யை ஏன் கடலுக்கு அங்கால அனுப்புறீங்கள்?"

உங்கள் முன்னால் நல்லவனாக நிற்பது எனக்கு எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு வேண்டிய கையெழுத்தை நீங்கள் நிறுத்தி வைக்க மாட்டீர்கள்.

"உக்காருட்டி," என்றேன். "இங்கிலீஷில எழுது. நான் சொல்லுதேன்."

சொன்னேன். முதலாளி வாயை மூடச் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தி, "இதையும் போடவோ, அப்பா? வேலை போயிடும்," என்றாள். போடு என்றேன். ரோசம்மா வந்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டு, கேட்டதும் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தடுக்கவில்லை.

நேற்றுக் காலையில் கந்தோருக்குப் போனோம். துரை வெளியூர் போயிருந்தார். முகப்பில் அந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்தான். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கடிதத்தை வாங்கி மனதுக்குள் படித்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, இந்த வருஷத்துக்கு ஆள் எடுத்து முடிஞ்சுது. இனி இதைக் குடுத்தும் மகளுக்கு ஒண்டும் நடவாது. உமக்குத்தான் கேடு. கொண்டு போம்."

"ஐயா அன்னைக்கு நான் சொன்னதை எழுதிக்கிட்டீங்க. இதையும் எடுத்துக்கணும்."

"அப்ப அண்டைக்குச் சொன்னது?"

"பொய்."

அவர் பிலோவைப் பார்த்தார், பிறகு என்னை. முத்திரையை எடுத்துக் கடிதத்தில் குத்தினார். முதலாளிக்குப் பிரதி இன்று போய்ச் சேர்ந்திருக்கும். என்ன நடக்குமென்று தெரியாது. ஒருவேளை பிஸ்கட் டின்னோடு நானே உங்கள் முன்னால் வந்து நிற்பேன். பிலோ அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடுவேன் என்கிறாள். துரை மாறமாட்டார் என்றேன். நான் மாறமாட்டேன் என்றாள்.

முத்திரை குத்திய பிறகு, அதைத் தமிழில் ஒரு தரம் உரக்கப் படிக்கும்படி கிளாக்கரைக் கேட்டேன். எதற்கு என்றார். என் மகள் பக்கத்தில் நிற்கும்போது நான் கேட்க வேண்டும் என்றேன். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"அந்தப் படத்துக்குக் கண் வைத்தது என் மகள் பிலோமினா. வைக்கும்போது நான் அவள் பக்கத்தில் இருந்தேன். என்னைக் கேட்டபோதும் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். இல்லை என்று சொன்னேன்."